கீலெஸ் காருக்குக் கூடுதல் பாதுகாப்பு: நெல்லையில் யாரிடம் கேட்கலாம்?

அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, ஓர் உதவி வேண்டும். பாளையங்கோட்டையில் எங்கள் வீடு தெருவை ஒட்டியது. கார் வாசலிலேயே நிற்கும். கீலெஸ் வண்டி, அதாவது சாவியைச் செருகாமல், அது பக்கத்தில் இருந்தாலே கதவு திறந்து பட்டனில் ஸ்டார்ட் ஆகும். சாவி முன்னறை ஆணியில் தொங்கும், காருக்கும் அதற்கும் நாலு எட்டுதான்.

பயமே அதில்தான். திருடர்களில் ஒருவன் காரருகேயும் இன்னொருவன் வீட்டுக் கதவருகேயும் கருவியோடு நின்று சாவியின் சிக்னலை நீட்டிவிட்டால், சாவி பக்கத்தில் இருப்பதாகவே வண்டி நம்பிவிடும். கண்ணாடி உடையாது, அலாரம் அடிக்காது. கிளம்பிய என்ஜின், சாவி தூரமானாலும் பெரும்பாலும் நிற்காது என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

சிக்னலைத் தடுக்கும் ஃபாரடே பை வாங்கியாயிற்று. சாவியை அதில் மூடிக் கதவுப் பிடியை இழுத்தேன், திறக்கவில்லை. உள்துணி நைந்தால் பயன் போய்விடும், அதனால் அடிக்கடி சோதிக்க வேண்டும். உதிரிச் சாவிக்கும் பை அவசியம்.

அப்புறம், ஓபிடி போர்ட்டில் (மெக்கானிக்குகள் வண்டியின் கோளாறு பார்க்கக் கருவி செருகும் இடம்) கருவியைச் செருகிப் புதுச் சாவி பதிகிறவர்களும் உண்டு. அந்தப் போர்ட்டுக்கான பூட்டும், கனமான ஸ்டீயரிங் பூட்டும் வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கம் எங்கே கிடைக்கும்? வண்டி கிளம்பாமல் தடுக்கும் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச்சை மறைவாக வைக்கத் தெரிந்த, நம்பிக்கையான ஆட்டோ எலக்ட்ரீஷியன் யார்? வாரண்டிக்குப் பங்கம் வருமா? சில வண்டிகளில் கீலெஸ் வசதியையே அணைத்து வைக்கலாம். அப்படிச் செய்தவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, குற்றாலத்தில் குளிக்கப் போகும்போது இந்த எலக்ட்ரானிக் சாவியை என்ன செய்கிறீர்கள்? சீசன் கூட்டத்தில் வண்டி எங்கோ தள்ளி நிற்கும், சாவியை நனைக்கவும் முடியாது. குடும்பத்தோடு கிளம்பும் முன் தெரிந்தால் நிம்மதி.