நிரந்தரவாசிக்குக் கடமை குறைவா, உரிமை குறைவா?

பள்ளத்தூர்வாசி:
போன வாரம் பங்காளி வீட்டுப் படைப்பில் (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு) பந்தி முடிந்து வளவில் உட்கார்ந்திருந்தபோது கிளம்பிய சண்டை இது. அங்கே தீரவில்லை, அதனால் இங்கே கொண்டுவருகிறேன். என் அண்ணன் மகன் சிங்கப்பூரில் நிரந்தரவாசி (பிஆர்). மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லாரும் பிஆர்தான். நாலு பேருக்கும் இந்தியப் பாஸ்போர்ட். மூத்த பையனுக்குப் பதினாறு முடிந்துவிட்டது, தேசிய சேவைக்கு (அங்கே ஆண்களுக்குக் கட்டாயமான ராணுவச் சேவை) பதியச்சொல்லிக் கடிதம் வரும் நேரம். "குடியுரிமை எடுத்துவிடலாமா, இப்படியே இருந்துவிடலாமா" என்று யோசனை கேட்டான். பெரியவர் ஒருவர் சட்டென்று, "பிஆர் என்றால் ரெண்டு பந்தியிலும் சாப்பிட்டுவிட்டு எந்தப் பந்தியிலும் பரிமாறாதவன்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் மகன் முகம் சுண்டிப்போய் எழுந்து போனான். அந்தப் பேச்சு நியாயம்தானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கண்டனூர்க்காரன்:
பெரியவர் சொன்னதில் என்ன தப்பு? உங்கள் அண்ணன் மகன் வேலைக்குப் போய் பிஆர் வாங்கியவர். முதல் தலைமுறை என்பதால் அவர் ஒரு நாள்கூட ராணுவ உடுப்புப் போடவில்லை. அவர் பக்கத்து மேசையில் உட்காரும் சிங்கப்பூர்க்காரன் இரண்டு வருஷம் போட்டிருக்கிறான். அதோடு விட்டதா? 40 வயது வரை, அதிகாரியாக இருந்தால் 50 வரை, கூப்பிட்டபோதெல்லாம் பயிற்சிக்குப் போகிறான். தேர்தல் வந்தால் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், தக்க காரணம் இல்லையென்றால் 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டித்தான் திரும்பச் சேர்க்க முடியும். பிஆருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பிடிக்கவில்லையா, பிஆரை விட்டுவிட்டு மசேநி (மத்திய சேம நிதி) பணத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து மாடி கட்டலாம்.

தேக்காவாசி:
கண்டனூர் அண்ணே, நான் கோட்டையூர், இப்போது சிங்கப்பூரில் பிஆர். மசேநி என்ன தானமா? என் சம்பளத்தில் 20 சதவீதம், முதலாளி 17 சதவீதம், மூன்றாவது வருஷத்திலிருந்து குடிமகனுக்குப் பிடிக்கிற அதே கணக்கு. அது என் காசு. வருமான வரியும் அதே வரி. இனி கழித்தல் கணக்கைப் பாருங்கள். நானும் என் வீட்டுக்காரியும் பிஆர் என்பதால் வீவக (அரசாங்க வீடமைப்புக் கழகம்) புது வீடு வாங்க முடியாது. மறுவிற்பனை வீடு வாங்கவும் பிஆர் ஆகி மூன்று வருஷம் காத்திருந்தோம். முதல் வீட்டுக்கே 5 சதவீதம் கூடுதல் முத்திரைத் தீர்வை, குடிமகனுக்கு அது பூஜ்யம். பள்ளிக்கூடத்தில் குடிமக்கள் பிள்ளைகளுக்கு அடுத்துத்தான் இடம், கட்டணமும் அதிகம். ஓட்டு? நான் கூட்டிப்பெருக்கும் புளோக்குக்கு யார் எம்.பி. என்று முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லை. பரிமாறாமல் சாப்பிடுகிறவன் நான்தானா?

கண்டனூர்க்காரன்:
புளோக்கைக் கூட்டுவது நகர மன்றத்து ஆள், நீங்கள் இல்லை. அதை விடுங்கள். குடியுரிமை கேட்டு மனுப் போட வேண்டாம் என்று யார் தடுத்தார்கள்? இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனசில்லை, அவ்வளவுதான்.

குமாஸ்தா, தேவகோட்டை:
வக்கீல் ஆபீசில் இந்த மாதிரிக் கோப்புகள் அடிக்கடி வரும், அதனால் சொல்கிறேன். ரெண்டு பேரும் ஒரே ஆளைப் பற்றிப் பேசவில்லை. கண்டனூர்க்காரர் அப்பாவைப் பற்றிப் பேசுகிறார். கேள்வியோ பையனைப் பற்றியது.

அப்பா திறமை அடிப்படையில் பிஆர் வாங்கியவர், அவருக்குச் சேவை கிடையாது. அவர் தயவில் பிஆர் ஆன ஆண் பிள்ளைக்கு உண்டு. பெண் பிள்ளைக்கு இல்லை. பதினாறரையில் பதிவு, பதினெட்டில் உடுப்பு, இரண்டு வருஷம், அதற்குப் பிறகு குடிமகனைப் போலவே மறுபயிற்சி. 13 வயதிலிருந்தே, மூன்று மாதமோ அதற்கு மேலோ நாட்டைவிட்டு வெளியே இருப்பதென்றால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். தாத்தா வீட்டில் தங்கி இங்கே பிளஸ் டூ படிக்கட்டும் என்று அனுப்பினால்கூட அதுதான் கதை. சேவைக்குப் போகாமல் தப்பித்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ரெண்டும். பிஆரை உதறிவிட்டு வந்தாலோ, பின்னால் படிக்கவோ வேலைக்கோ அங்கே மனுப் போடும்போது அதைக் கணக்கில் எடுப்பார்கள். குடும்பத்தார் மறுநுழைவு அனுமதியை (பிஆர் வெளியே போய்த் திரும்பி வர வேண்டிய அனுமதி) புதுப்பிக்கும்போதும் அது குறுக்கே நிற்கலாம்.

ஆகப் பையனுக்குக் கடமை முழுசாக வந்துவிட்டது. உரிமை மட்டும் அப்பா அட்டையின் அளவுதான். குடியுரிமை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவனுக்கு அந்த ரெண்டு வருஷம் போவது போவதுதான்.

தேக்காவாசி:
இதைத்தான் சொன்னேன். துப்பாக்கி கொடுக்கிறார்கள், ஓட்டுச்சீட்டு கொடுக்கவில்லை.

கண்டனூர்க்காரன்:
பிள்ளை பெயரில் பிஆர் மனுவில் கையெழுத்துப் போட்டது யார்? அப்பாதானே? போடும்போதே சேவை உண்டு என்று தெரியும். பள்ளிச் சலுகைக்கு ஆசைப்பட்டுப் போட்டுவிட்டு இப்போது ஒப்பாரி வைத்தால் எப்படி?

குமாஸ்தா, தேவகோட்டை:
அதுவும் உண்மைதான். ஒரு வேடிக்கை சொல்கிறேன். நம் அரசியலமைப்பில் 51ஏ பிரிவு, 1976இல் 42ஆவது திருத்தத்தில் சேர்த்தது, குடிமகனின் அடிப்படைக் கடமைகளைச் சொல்கிறது. இப்போது பதினொன்று இருக்கின்றன. அதில் வரி கட்டு என்று இல்லை, ஓட்டுப் போடு என்றும் இல்லை. ஆனால் நாட்டைக் காக்க வேண்டும், அழைத்தால் தேசப்பணி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. இந்தப் பையன் இந்தியக் குடிமகன். அவன் நாடு அவனைக் கூப்பிடவே இல்லை, குடியிருக்கும் நாடு கூப்பிடுகிறது.

கிள்ளான்காரி:
அம்மா வழியில் காரைக்குடி. சிங்கப்பூர்க்காரர்கள் அட்டை நிறத்தைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் குழம்பும். அங்கே நீலம் பிஆர், குடிமகனுக்கு இளஞ்சிவப்பு. எங்கள் மலேசியாவில் நீலம்தான் குடிமகன், சிவப்பு நிரந்தரவாசி. என் அப்பத்தா சாகும்வரை சிவப்பு அட்டை. தோட்டத்தில் பால் வெட்டிக் கை காய்த்துப்போனவர். குடியுரிமைக்குப் பன்னிரண்டு வருஷத்தில் பத்து வருஷம் குடியிருந்திருக்க வேண்டும், மலாய் போதுமான அளவு தெரிந்திருக்க வேண்டும். குடியிருப்புக்கு என்ன குறை? ஆயுள் முழுக்க அங்கேதான். மலாய் நேர்முகத்தில்தான் வாய் அடைத்துப்போனது. சந்தையில் மீன்காரரிடம் மலாயில் பேரம் பேசுவார், மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வராது. தேக்காவாசிக்குத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. வேண்டாம் என்று நிற்பவரும் முடியாமல் நின்றவரும் ஒன்றில்லை.

பள்ளத்தூர்வாசி:
கிள்ளான் ஆச்சி சொன்னது மனசில் தைக்கிறது. ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பயப்படுவது பர்மாவை நினைத்து. அங்கே குடியுரிமை எடுக்காமல் வட்டிக்கடை நடத்திய நம் நகரத்தார் (செட்டியார்கள்) எல்லாவற்றையும் இழந்துதான் வந்தார்கள். அதனால் "இருக்கிற ஊரில் முழுசாக இரு" என்கிறார்கள்.

கண்டனூர்க்காரன்:
நல்ல பாடம் அது.

தேக்காவாசி:
பாதிப் பாடம். 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் கீழ்பர்மா நெல்வயலில் கால்வாசி நம்மவர் கைக்கு வந்தது. 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. 1962இல் நீ வின் ஆட்சியைப் பிடித்ததும் 1963இலிருந்து வங்கி, கடை எல்லாம் அரசு எடுத்தது. 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டு செல்லாது என்றார்கள். கடை பறிபோனது பர்மியக் குடிமகனுக்கும்தான், நோட்டு செல்லாமல் போனதும் எல்லாருக்கும்தான். குடியுரிமை பெட்டகத்தைக் காப்பாற்றியிருக்காது.

குமாஸ்தா, தேவகோட்டை:
பெட்டகத்தைக் காப்பாற்றியிருக்காது, சரி. கப்பலேற்றி அனுப்பாமல் தடுத்திருக்கலாம். நிரந்தரவாசி என்ற சொல்லில் நிரந்தரம் எவ்வளவு என்பதை மறுநுழைவு அனுமதியில் பாருங்கள், பெரும்பாலும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அது இல்லாமல் வெளியே இருந்தால் பிஆரே போய்விடலாம். குடிமகனுக்கு அந்தக் கவலை இல்லை.

செஞ்சை எலக்ட்ரீசியன்:
மன்னிக்கணும், குறுக்கே வருகிறேன். நான் அங்கே ஒர்க் பெர்மிட்டில் இருந்தேன். மசேநி கிடையாது, குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அங்கே உள்ள பெண்ணைக் கட்டிக்கொள்வதென்றால் மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். நீங்கள் எல்லாரும் எந்த அட்டை நல்ல அட்டை என்று பேசுகிறீர்கள். நான் ஒயர் இழுத்த கட்டடத்தில்தான் இவர்கள் வாங்கிய வீடு இருக்கும். பரிமாறியவன் யார் என்று பெரியவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்வாசி:
கேட்கிறேன் தம்பி. அவர் பதில் எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

கானாடுகாத்தான் மருமகள்:
இவ்வளவு நேரமாகச் சிங்கப்பூரைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். நம் ஊரைப் பாருங்கள். நம் நகரத்தார் கோயிலில் புள்ளி வரி (கல்யாணமான குடும்பம் ஒரு புள்ளி) கட்டியவனுக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று யாரும் கேட்பதில்லை. ஆஸ்திரேலியக் குடிமகனும் புள்ளிதான், பினாங்குக்காரனும் புள்ளிதான். கல்யாணத்துக்குக் கோயில் மாலை வருகிறது. வரி கட்டினால் கணக்கில் இருக்கிறாய் என்பது நம் வழக்கம்.

கண்டனூர்க்காரன்:
அற்புதம். அதைத்தான் நானும் சொல்கிறேன், பொறுப்பெடுத்தவனுக்கே பேச்சு.

கானாடுகாத்தான் மருமகள்:
அண்ணே, முழுசாகக் கேளுங்கள். நகரக் கூட்டத்தில் பேசுவது யார்? ஆம்பிளைகள். நானும் வேலைக்குப் போகிறேன், அந்த வரியில் என் சம்பளமும் இருக்கிறது. செஞ்சைத் தம்பி இந்த மண்ணில் பிறந்தவர், நகரத்தார் இல்லை என்பதால் அவருக்குப் புள்ளியே கிடையாது. வரியும் குரலும் இங்கேயே பொருந்தவில்லை, அங்கே ஏன் பொருந்தவில்லை என்று ஆச்சரியப்படுகிறோம்.

தேக்காவாசி:
ஆச்சி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் சில நாடுகள் பொருத்தியிருக்கின்றன. நியூசிலாந்தில் நிரந்தரவாசி தொடர்ந்து ஒரு வருஷம் குடியிருந்தாலே பொதுத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். பிரிட்டனில் வசிக்கும் இந்தியர், காமன்வெல்த் குடிமகன் என்ற முறையில், பாஸ்போர்ட்டை மாற்றாமலே நாடாளுமன்றத் தேர்தலில் போடுகிறார். வானம் இடிந்து விழவில்லை.

கண்டனூர்க்காரன்:
சரி, ஓட்டு மேல் இவ்வளவு ஆசை இருக்கிறதே, கோட்டையூர் ஓட்டு உங்களுக்கு இருக்கிறதே, அதைக் கடைசியாக எப்போது போட்டீர்கள்?

தேக்காவாசி:
வெளிநாட்டில் இருப்பவன் எப்படி அண்ணே போடுவது?

குமாஸ்தா, தேவகோட்டை:
போடலாம். 2010இல் திருத்தம் செய்து, 2011இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, வேறு குடியுரிமை எடுக்காதவர் படிவம் 6ஏ கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் பதிந்துகொள்ளலாம். நேரில் வந்து பாஸ்போர்ட்டைக் காட்டிப் போட வேண்டும், தபாலில் இல்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்த அன்றே இது போய்விடும். இரட்டைக் குடியுரிமை ரெண்டு நாட்டிலும் கிடையாது. பிறகு ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வாங்கிக்கொண்டு வரலாம், தங்கலாம், பங்கு வீட்டை வைத்துக்கொள்ளலாம், சொத்து வரி கட்டலாம். ஓட்டும் அரசாங்க வேலையும் இல்லை.

பள்ளத்தூர்வாசி:
தோப்பு? அண்ணன் மகன் ஊர்ப்பக்கம் தென்னந்தோப்பு வாங்க நினைக்கிறான். குடியுரிமை எடுத்தால் வாங்க முடியாது என்றுதான் தயங்குகிறான்.

குமாஸ்தா, தேவகோட்டை:
இப்போதே முடியாது. வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியக் குடிமகனும் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்கக் கூடாது, அந்நியச் செலாவணி விதி அது. ஓசிஐக்கும் அதே தடை. அப்பா சொத்தாக வந்தால் ரெண்டு பேரும் வைத்துக்கொள்ளலாம். இந்தக் காரணத்தைச் சொல்லி இங்கே எத்தனையோ பேர் பாஸ்போர்ட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், விதியைப் படித்தவர் குறைவு.

இன்னொன்று, நாலு பேரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று இல்லை. பையன் சேவைக்குப் போகட்டும், 21 ஆனதும் அவனே மனுப் போட்டுக்கொள்ளலாம். அப்பா பிஆராகவே இருக்கட்டும், அவருக்கு இதில் லாபம்தான். பெரியவர் பேச்சு அப்பாவுக்குக் கொஞ்சம் பொருந்தும், பையனுக்குப் பொருந்தாது.

தேக்காவாசி:
என் நிலைப்பாடு மாறவில்லை. கூப்பிட்டுச் சேவை வாங்கினால் ஓட்டும் கொடுக்க வேண்டும். அப்புறம், குமாஸ்தா அண்ணே, அந்த 6ஏ படிவத்தின் இணைப்பை அனுப்புங்கள்.

கண்டனூர்க்காரன்:
என் நிலைப்பாடும் மாறவில்லை. ஆனால் ஓட்டுப் போட வந்தால் டிக்கெட்டில் பாதி நான் தருகிறேன்.

தேக்காவாசி:
திருச்சிக்கா, மதுரைக்கா? விலை வேறு வேறு.

கண்டனூர்க்காரன்:
எது குறைவோ அதற்கு.