பாலியல் வன்முறை பற்றி முறையிட்டவரே சந்தேகநபராக்கப்படும் ஆவணப்படம்: நம் பெண்களுக்குத் திரையிடலாமா?

மாலினி, வெள்ளவத்தை

நெட்ஃபிளிக்ஸில் 2023 ஆம் ஆண்டு வெளியான 'விக்டிம்/சஸ்பெக்ட்' என்னும் ஆவணப்படத்தை அண்மையில் பார்த்தேன். அமெரிக்காவில் பாலியல் வன்முறை குறித்துப் பொலிஸாரிடம் முறையிட்ட இளம் பெண்கள் சிலர், பொய் முறைப்பாடு செய்தார்கள் என்று தாங்களே குற்றஞ்சாட்டப்பட்ட கதைகளை ரே டி லியோன் என்ற புலனாய்வுச் செய்தியாளர் தேடிச் செல்கிறார். இயக்கியவர் நான்சி சுவார்ட்ஸ்மன். விசாரணை அறையில் பதிவான காட்சிகளைப் பார்த்த பின்னர் அன்றிரவு எனக்கு உறக்கமே வரவில்லை. நடந்ததைச் சொல்ல வந்த பெண்ணிடம் அதிகாரி கேள்விமேல் கேள்வி கேட்டு, அவள் சொன்னதையே அவளுக்கு எதிராகத் திருப்புகிறார்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைத் திரையிட விரும்புகிறோம். வருபவர்களில் பலர் மலையகத்திலிருந்து வந்து கொழும்பில் வீடுகளிலும் கடைகளிலும் வேலை செய்பவர்கள். இதைப் பார்த்தால் அவர்கள் பொலிஸ் நிலையத்தின் வாசற்படியையே மிதிக்க மாட்டார்கள் என்று தோழி ஒருவர் அஞ்சுகிறார். படத்தில் காட்டப்படுவது நம் நாட்டுக்கு எவ்வளவு பொருந்தும்?

சட்டத்தரணி, புதுக்கடை

ஒரு முக்கியமான வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். விசாரணையின்போது பொலிஸார் பொய்யான தகவலைச் சொல்லியிருந்தாலும், அந்தக் காரணத்தால் மட்டும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாததாகிவிடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969 இல் தீர்ப்பளித்தது. இல்லாத ஆதாரம் இருப்பதாகச் சொல்லி ஒருவரைப் பின்வாங்கச் செய்யும் உத்திக்கு அங்கே இடமிருப்பது அதனால்தான். இலங்கையில் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி, பொலிஸ் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலை ஒருவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பொய்த் தகவல் கொடுப்பது இங்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 180 ஆம் பிரிவின் கீழ் குற்றமே. ஆனால் முறைப்பாட்டாளரை "பொய் சொன்னேன்" என்று சொல்லவைத்து, அதை மட்டும் வைத்து அவரைக் குற்றவாளியாக்கிவிட முடியாது.

நம் நாட்டில் முறைப்பாடு சாவது பெரும்பாலும் வேறு வழியில். "இரண்டு குடும்பமும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்", "பிள்ளையின் எதிர்காலத்தை யோசியுங்கள்" என்ற வார்த்தைகள் முறைப்பாட்டுப் புத்தகம் திறக்கப்படும் முன்னரே வந்துவிடுகின்றன. வன்புணர்வு சமரசம் செய்து முடிக்கக்கூடிய குற்றமன்று. அப்படிச் சொல்லும் அதிகாரிக்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் கிடையாது. உடலில் காயமில்லை என்று திருப்பி அனுப்புவதும் தவறு: சம்மதம் இருக்கவில்லை என்பதை நிரூபிக்க எதிர்த்துப் போராடிய காயங்கள் இன்றியமையாதவை அல்ல என்பது தண்டனைச் சட்டக்கோவையின் 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஓய்வுபெற்ற உரைபெயர்ப்பாளர், கொட்டாஞ்சேனை

சட்டத்தரணி சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் கொழும்பில் தமிழ் மட்டும் பேசும் ஒரு பெண்ணுக்கு ஆபத்து மிகுந்த கட்டம் வாக்குமூலம் எழுதப்படும் வேளையே என்பதை நீதிமன்றப் பணியில் திரும்பத் திரும்பக் கண்டேன். அவள் தமிழில் அழுதுகொண்டே சொல்வாள். அருகில் இருக்கும் யாராவது அரைகுறையாகச் சிங்களத்தில் சொல்வார். அதிகாரி சுருக்கி எழுதுவார். சம்பளப் பாக்கியைத் தருவதாகச் சொல்லி முதலாளி கடையின் பின்னறைக்கு அழைத்தார் என்று அவள் சொன்னது, அவள் பின்னறைக்குப் போனாள் என்று மட்டும் பதிவாகும். அவள் வாசிக்க முடியாத அந்தத் தாளின் அடியில் கையொப்பமிடுவாள். ஆண்டுகள் கழித்துச் சாட்சிக் கூண்டில் அவள் முழுவதையும் சொல்லும்போது, "இதை ஏன் பொலிஸாரிடம் அன்றைக்கே சொல்லவில்லை?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். படத்தில் ஒளிப்பதிவாவது மிஞ்சியது. நமக்கு மிஞ்சுவது அந்தத் தாள் மட்டுமே.

ஆகவே வருபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுங்கள். குற்றவியல் நடபடிமுறைச் சட்டத்தின் 110 ஆம் பிரிவின்படி, எழுதிய வாக்குமூலத்தை அளித்தவருக்குக் காட்ட வேண்டும் அல்லது வாசித்துக் காட்ட வேண்டும். எழுதப்பட்ட மொழி தெரியாதவருக்கு அவர் விளங்கும் மொழியில் உரைபெயர்க்க வேண்டும். விளக்கம் தரவும் மேலும் சேர்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. "எனக்குத் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள், அதுவரை கையொப்பமிட மாட்டேன்" என்று சொல்வது அடம்பிடிப்பதாகாது.

தாதி உத்தியோகத்தர், தெமட்டகொடை

திரையிடுங்கள், ஆனால் படம் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். முறைப்பாடு செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே குளித்து, உடைகளைத் துவைத்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு அந்த உடைகள் தேவை. அவற்றைக் காகிதப் பையில் இட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெண்களுக்கான 1938 என்ற உதவி இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள்.

மாலினி, வெள்ளவத்தை

மூவருக்கும் நன்றி. படத்தின் சில பகுதிகளை மட்டும் காட்டி, அதைவிடக் கூடுதல் நேரத்தை வாக்குமூலம் கொடுக்கும் முறைக்கு ஒதுக்க எண்ணியுள்ளோம். கொட்டாஞ்சேனை ஐயா, நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேட்பது எப்படி என்பதை எங்கள் பெண்களுக்குப் பேசிப் பழக்க முடியுமா? அதிகாரியின் இடத்தில் நீங்களே அமர்ந்து கேள்வி கேட்டால் அவர்கள் தயக்கமின்றிப் பழகுவார்கள்.