டெண்டரில் இறங்குவதா, வீட்டு வேலையோடு நிற்பதா?

சாம்பல்தீவான்:
ஏழு வருசமா வீடு கட்டிக் குடுக்கிறன். மேசன்மார் நாலு பேர், கையாள் அஞ்சு பேர். போன மாசம்தான் திருகோணமலை நிலாவெளியில ஒரு வீட்டின்ர திறப்பைக் குடுத்தனான். சீடா பதிவும், அதுதான் ஒப்பந்தக்காரருக்கான அரசாங்கப் பதிவு, எடுத்தாச்சு. இப்ப ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு டெண்டர் வந்திருக்கு, 60 இலட்சம் வரும், அஞ்சு மாச வேலை. அதுக்கெண்டு கொங்கிரீட் மிக்ஸர் ஒண்டை லீசிங்கில எடுப்பம் எண்டு யோசிக்கிறன். மனிசிக்கு விருப்பமில்லை. அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

உப்புவெளி பாஸ்:
தம்பி, யோசிக்காமல் போடுங்கோ. முதல்ல சீடா உங்களுக்குத் தந்த தரத்துக்கு அந்தத் தொகை அடங்குதா எண்டு மட்டும் பாருங்கோ. ஆகக் கீழ்த் தரமான சீ 9 இல நிண்டால் எல்லா வேலைக்கும் கேக்க ஏலாது. வீட்டு வேலையில நாப்பது வீடு கட்டினாலும் கையில ஒரு கடுதாசி மிஞ்சாது. கனடாவில இருந்து வீட்டுக்காரரின்ர மகன் காசு அனுப்புறதை நிப்பாட்டினால் உங்கட வேலையும் லிண்டல் மட்டத்தில நிண்டிடும். அரசாங்க வேலை ஒண்டை ஒழுங்கா முடிச்சால் முடிச்சதுக்குச் சான்றிதழ் இருக்கு, வங்கிக்குக் காட்ட பில் இருக்கு. அடுத்த தரத்துக்குப் போறதுக்கு அதைத்தான் கேப்பினம். நான் வளர்ந்தது அப்பிடித்தான்.

கிண்ணியா நானா:
தம்பி, அவசரப்படாதீங்க. நானும் அந்தச் சான்றிதழுக்காகத்தான் 2021 கடைசியில ஒரு வேலை எடுத்தேன். விலை கட்டும்போது சீமெந்து பை ஆயிரம் சொச்சம். அடுத்த வருசம் மூவாயிரத்தைத் தொட்டிச்சு. சீமெந்து ஆலை நம்ம சீனன்குடாவிலதான் இருக்கு, எண்டாலும் விலை நம்ம கையில இல்லையே. சாமான் விலை ஏறினா ஒப்பந்தத் தொகையையும் கூட்டித் தர்ற விலைமாற்றப் பிரிவு ஒப்பந்தத்தில கிடையாது. டீசலுக்கு வரிசை, டிப்பர் வரல்ல. அதுக்குள்ள வாடை மழை தொடங்கிட்டு. தறப்பாளுக்குக் கீழ அடுக்கி வெச்ச நாப்பது பையில பன்னிரண்டு கல்லாப் போச்சு. அலவாங்கால குத்திப் பார்த்தேன், நுனிதான் மழுங்கிச்சு. பில் காசு ஏழு மாசம் கழிச்சு வந்திச்சு. பொண்டாட்டிட நகையை ஈடு வெச்சுத்தான் மேசன்மாருக்குச் சம்பளம் குடுத்தேன். அதுல ரெண்டு பேர் கத்தாருக்குப் போயிட்டாங்க.

உப்புவெளி பாஸ்:
நானா, உங்கட நட்டம் எனக்கு விளங்குது. ஆனால் 2022 மாதிரி ஒரு வருசத்தை அளவுகோலா வைக்கலாமோ? சுனாமி வந்ததெண்டு ஆரும் கடலுக்குப் போகாமல் விட்டவையோ?

கிண்ணியா நானா:
கடலுக்குப் போகாம இருந்தா கடல் தண்டம் கேட்காது, பாஸ். நான் பிந்தின ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் வெட்டினாங்க. டீசல் இல்லாத நாளுக்கும் சேர்த்துத்தான் வெட்டினாங்க.

உவர்மலை அக்கா (கணக்கு):
இரண்டு பேரும் லாபத்தையும் நட்டத்தையும் பேசுகிறீர்கள். தம்பி பார்க்க வேண்டியது காசு எந்தத் தேதியில் வெளியே போகும், எந்தத் தேதியில் உள்ளே வரும் என்பதை. சின்னக் கொந்தராத்துக்காரர் பலருடைய கணக்கைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் அதிகமானோர் லாபத்தில் இருக்கும்போதே விழுந்தவர்கள்.

60 இலட்சம், ஐந்து மாதம் என்றால் மாதம் 12 இலட்சத்துக்கு வேலை நடக்கும். பில் இரண்டு மாதம் கந்தோரில் தங்கினாலே 24 இலட்சத்தளவு உங்கள் பக்கத்தில் இருந்து போயிருக்கும். முற்பணமாக 20 வீதம் தரலாம், ஆனால் அதற்கு வங்கி உத்தரவாதம் வேண்டும். அதற்கு வங்கி காணி உறுதியையோ வைப்புப் பணத்தையோ கேட்கும். ரிட்டென்ஷன், அதாவது பில்லில் பிடித்து வைக்கும் காசு, வேறு. நான் பார்த்த ஒப்பந்தங்களில் ஒவ்வொரு பில்லிலும் 10 வீதம் பிடித்து, மொத்தத் தொகையில் 5 வீதம் சேரும்வரை வைத்திருப்பார்கள். உங்களுக்கு அது 3 இலட்சம். பாதி கையளித்ததும் வரும், மற்றப் பாதி ஒரு வருடம் கழித்து. லாபம் 6 இலட்சம் என்று கணக்குப் போட்டிருந்தால் அதில் பாதி உங்கள் கைக்கு வராமல் அங்கேயே நிற்கும்.

இன்னொன்று. நாள் சம்பளக்காரருக்கும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) உண்டு. உங்கள் பங்கு 12 வீதம், ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். நூறு ரூபாய் சம்பளத்துக்கு மேலதிகமாக 15 ரூபாய். வீட்டு வேலையில் இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். டெண்டர் விலை போடும்போது இதை மறந்தவர்களை எனக்குத் தெரியும்.

சாம்பல்தீவான்:
அக்கா, உண்மையைச் சொன்னால் 15 வீதத்தை நான் சேர்க்கேல்லை. கையில இருக்கிறது 9 இலட்சம். சாமான் கடையில ஒரு மாசக் கடன் தருவினம், அவ்வளவுதான்.

உவர்மலை அக்கா (கணக்கு):
9 இலட்சத்தோடு இந்த வேலையை எடுக்காதீர்கள். 20, 25 இலட்சத்துக்குள் சின்ன வேலை ஒன்றைப் பாருங்கள், மதில், மலசலகூடம், வடிகால் மாதிரி. மிக்ஸரை லீசிங்கில் எடுக்க வேண்டாம். கொங்கிரீட் போடுகிற நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். மழையில் வேலை நின்றாலும் தவணை நிற்காது.

உப்புவெளி பாஸ்:
வாடகை மிக்ஸரை நம்பி, ஸ்லாப் போடுற அண்டைக்கு அது வராமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இருவது ஆள் சும்மா குந்தியிருந்தது. மிக்ஸர் சொந்தமா வேணும், என்ர கருத்து அதுதான். ஆனால் 60 ஐ விட்டிட்டு 25 இல தொடங்கச் சொல்லி அக்கா சொன்னது சரி.

கிண்ணியா நானா:
மாசி, பங்குனியில தொடங்கிற வேலையாப் பாருங்க, தம்பி. ஆத்து மண்ணுக்குப் பெர்மிட் உள்ள ஆளோட முதல்லயே பேசி வைங்க. பாதியில மண் நிண்டா வேலையும் நிண்டிடும்.

சாம்பல்தீவான்:
சரி நானா. இந்த டெண்டரை விடுறன். மூதூரில ஒரு மதில் வேலை கேள்விக்கு வந்திருக்கு, 18 இலட்சம். விலைமாற்றப் பிரிவு இருக்கோ எண்டு பார்க்க நாளைக்குப் பத்திரத்தை எடுக்கிறன். அக்கா, விலை போட்ட பிறகு ஒருக்கா பார்ப்பியளோ?

உவர்மலை அக்கா (கணக்கு):
கொண்டு வாருங்கள். சம்பளப் புத்தகத்தையும் சேர்த்து.