திசைமாற்றியா, போக்குமாற்றியா?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

மாதிரி ரயில் எஞ்சினை முன்னும் பின்னும் ஓடச் செய்யும் ரிவர்சிங் யூனிட் என்ற கருவிக்குத் தமிழில் "திசைமாற்றி" என்று கோயம்புத்தூர் நண்பர் முன்மொழிந்திருக்கிறார். எனக்கு உடன்பாடில்லை. காரின் ஸ்டியரிங்குக்கு அந்தச் சொல் ஏற்கெனவே வழங்குகிறது. அதைவிடப் பெரிய தடை எங்கள் இலங்கை மலைநாட்டின் தெமோதரை ரயில் நிலையத்தில் இருக்கிறது. அங்கே ரயில் மலையைச் சுற்றி வளைந்து வந்து, அந்த நிலையத்துக்கே அடியில் உள்ள சுரங்கத்தில் நுழைகிறது. வழியெல்லாம் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. எஞ்சினோ முன்னோக்கித்தான் போகிறது. நாம் பெயர் தேடும் கருவி மாற்றுவது முன், பின் என்ற போக்கைத்தான். ஆகவே "போக்குமாற்றி" என்பேன்.

லயனல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய மூன்று தண்டவாள மாதிரி எஞ்சினின் கூட்டைக் கழற்றி இந்தக் கருவியைப் பாருங்கள். மின் வந்ததும் வரிச்சுருள் (சொலினாய்டு என்ற கம்பிச்சுருள்) ஓர் இரும்புத் தண்டை மேலே இழுக்கிறது. தண்டோடு சேர்ந்த நகம் சிறிய உருளையை ஒரு படி திருப்புகிறது. உருளையின் செப்புப் பட்டைகளில் உராயும் தகட்டு விரல்கள் மோட்டாரின் இணைப்பை மாற்றுகின்றன. முன், நிறுத்தம், பின், மறுபடி நிறுத்தம்: மின்னைத் துண்டித்துக் கொடுக்கும்தோறும் ஒரு படி. ஓடும்போது தண்டு ரீங்காரமிடும். அந்த ஒலி எனக்கு மிகப் பிடிக்கும்.

ஆனால் எங்கள் மலைநாட்டு அப்புத்தளையின் மூடுபனியில் தகரத் தண்டவாளம் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. துருவில் மின் சற்றே அறுந்தாலும் உருளை அடுத்த படிக்குத் தாவ, எஞ்சின் நடுவழியில் நின்றுவிடும். புதிய வகைக் கருவியில் அசையும் உறுப்பே கிடையாது. பலவற்றில் சுற்றுப்பலகையிலுள்ள கொள்ளளவி (கெப்பாசிட்டர்) அந்தக் கணநேர மின் துண்டிப்பைத் தாங்கிக்கொள்கிறது.

இவ்விரண்டையும் பொறிமுறைப் போக்குமாற்றி, இலத்திரனியல் போக்குமாற்றி எனப் பிரிக்கலாம். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு இலத்திரனியல்தான் பழக்கம். தமிழகத்தார் மின்னணு என்று எழுதட்டும். போக்குமாற்றி என்ற முதன்மைச் சொல் ஒன்றாக இருந்தால் போதும்.

24 வோல்ட் துடிப்பால் போக்கை மாற்றும் மார்க்லின் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பழைய மாதிரி எஞ்சின்களுக்கும் இப்பெயர் பொருந்தும். இரண்டு தண்டவாள நேரோட்ட (DC) எஞ்சின்களுக்கு இந்தக் கருவி தேவையில்லை. தண்டவாளங்களின் நேர், மறை முனைகளை மாற்றினாலே மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும்.

எஞ்சின் நிற்கும் நியூட்ரல் நிலைக்கு "நடுநிலை" என்று எழுதியவருக்கு ஒரு வேண்டுகோள்: உருளையில் அந்த நிலை இரு முறை வருகிறது. ஆகவே அதை "நிறுத்தப்படி" என்று சொல்லலாமா?