காலிஃப்ளவர் பீட்சா: ஓரம் கருகுகிறது, நடுவில் நொசநொசக்கிறது. எங்கே தப்பு?

காலைப்பசி எழுதியது:
தானியம் எதுவும் சேராமல், காலையில் சாப்பிட முட்டை வைத்த பீட்சா செய்யப் பார்க்கிறேன். அடித்தட்டு காலிஃப்ளவர். நான் போட்ட அளவு: தண்டு நீக்கிய பூ 600 கிராம், துருவி 5 நிமிடம் ஆவியில் வைத்தது, கையால் பிழிந்த பிறகு 400 கிராம். முட்டை 2, துருவிய மொசரெல்லா 100 கிராம், உப்பு, மிளகு. 22 செ.மீ. வட்டமாகத் தட்டி, 180 டிகிரியில் 25 நிமிடம். மேலே தக்காளி சாஸ், பச்சைக் காளான், முட்டை 2 வைத்து இன்னும் 15 நிமிடம். ஓரம் கருகிவிட்டது. நடுவே கரண்டியால்தான் எடுக்க முடிந்தது. வெள்ளைக்கரு வேகவில்லை, மஞ்சள் கருவோ கட்டியாகிவிட்டது. மாவு ஏதாவது சேர்த்தால் சரியாகுமா?

ஈரத்துக்கு_எதிரி எழுதியது:
மாவு சேர்த்தால் நொசநொசப்பு பிசுபிசுப்பாக மாறும், அவ்வளவுதான். உங்கள் பிரச்சினை தண்ணீர். அதற்கு அடுத்தது கனம்.

கணக்குப் பாருங்கள். காலிஃப்ளவரில் ஏறக்குறைய 92 சதவீதம் தண்ணீர். 600 கிராமில் திடப்பொருள் 50 கிராம்கூட தேறாது. நீங்கள் பிழிந்தும் 400 கிராம் நிற்கிறது என்றால் அதில் 350 கிராம் தண்ணீர். அதோடு இரண்டு முட்டை, 100 கிராம் சீஸ் சேர்ந்து மொத்தம் 600 கிராம். அதை 22 செ.மீ. வட்டத்தில் தட்டினால் கனம் ஒன்றரை செ.மீ. வரும். அது பீட்சாத் தட்டு இல்லை, கேக். 180 டிகிரியில் மேல்தோல் காய்வதற்குள் நடுப்பகுதி தன் ஆவியிலேயே வெந்துகொண்டிருக்கும்.

600 கிராம் பூ, பிழிந்த பிறகு 250 முதல் 280 கிராமுக்கு வர வேண்டும். கண் மதிப்பு வேண்டாம், தராசில் வையுங்கள். ஆவியில் வைத்ததைத் தட்டில் பரப்பி, கை பொறுக்கும் சூடு வரும்வரை 10 நிமிடம் விடுங்கள். பரப்பும்போதே கொஞ்சம் ஈரம் ஆவியாகப் போய்விடும். பிறகு மெல்லிய பருத்தித் துணியில் பாதிப் பாதியாக வைத்து, முடிச்சை முறுக்கி முறுக்கிப் பிழியுங்கள். தண்ணீர் ஒழுகுவது நின்றதும் துணியைப் பிரித்து, உள்ளே இருப்பதை உதிர்த்துவிட்டு மறுபடி ஒருமுறை. இந்த இரண்டாவது பிழியலில் வருவது கொஞ்சம்தான், ஆனால் நடுப்பகுதியைக் காப்பாற்றுவது அதுதான். பதம் இப்படி: பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உள்ளங்கை நனைந்தால் இன்னும் ஆகவில்லை.

இதற்கு முட்டை 1 போதும். இரண்டு போட்டால் காய்கறி ஆம்லெட். மொசரெல்லா 50 கிராம், முடிந்தால் பார்மசான் 20 கிராம், பாதாம் மாவு 2 மேசைக்கரண்டி. பாதாம் மாவு கட்டுமானத்துக்கு இல்லை, மிச்ச ஈரத்தை வாங்கிக்கொள்ள. உப்பு கால் டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம், சீஸிலேயே இருக்கிறது. கலந்த கையோடு தட்டிவிடுங்கள். வைத்திருந்தால் உப்பு மறுபடி நீரை இழுத்து வெளியே விடும்.

இந்த 400 கிராம் கலவையை 28 செ.மீ. வட்டமாகத் தட்டினால் கனம் 6 மி.மீ. வரும். ஓரத்தை மட்டும் 8 மி.மீ. விடுங்கள், மெலிந்த ஓரம்தான் முதலில் கருகும். நடுவில் மேடு கட்டாமல் உள்ளங்கையால் வெளிப்பக்கமாகத் தள்ளித் தட்டுங்கள்.

ஓவன் 220 டிகிரி, ஃபேன் ஓடினால் 200. ட்ரேயை உள்ளே வைத்தே சூடேற்றி, பார்ச்மென்ட் தாளோடு கலவையை அதன்மேல் நகர்த்துங்கள். அடியில் உடனே சூடு பிடிக்கும். தாள் அந்தச் சூட்டைத் தாங்குமா என்று அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். மெழுகுத் தாள் கூடவே கூடாது, உருகி ஒட்டிக்கொள்ளும். 20 முதல் 25 நிமிடத்தில் மேலே பழுப்புப் புள்ளிகள் விழும். அப்போது இன்னொரு தாளையும் ட்ரேயையும் மேலே கவிழ்த்துத் திருப்பி, பழைய தாளை உரித்து எடுங்கள். அது வரை அடிப்பக்கத்து ஆவிக்குப் போக வழியில்லை, இப்போதுதான் கிடைக்கிறது. இன்னும் 6 நிமிடம். தாள் உரிய மறுத்தால் இழுத்துப் பிய்க்காதீர்கள், அடி வேகவில்லை என்று அர்த்தம். திரும்ப வைத்து 5 நிமிடம் விடுங்கள்.

மேலே என்ன வைத்தாலும் இதற்கு அப்புறம்தான்.

அரைவேக்காடு எழுதியது:
அடித்தட்டைப் பற்றி மேலே சொன்னது சரி. முட்டை விஷயம் தனி.

வெள்ளைக்கரு 62 டிகிரி வாக்கில் இறுகத் தொடங்கினாலும், முழுக்க உறைய 80 வரை போக வேண்டும். மஞ்சள் கரு 65 தாண்டியதும் கெட்டிப்பட ஆரம்பித்து, 70-இல் கட்டி. ஆக, ஒன்று வேகும்போது மற்றது கெட்டுப்போவது இயல்பு. போதாததற்கு உங்கள் முட்டை ஈரமான சாஸ் மேல் உட்கார்ந்திருக்கிறது. கீழிருந்து சூடு வரவில்லை, மேலிருந்துதான் வருகிறது. மேலே துருத்திக்கொண்டு நிற்பது மஞ்சள் கரு.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்த முட்டையாக இருக்கட்டும். சாஸ் 2 மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம், அதுவும் கரண்டியில் அள்ளினால் வழியாத அளவு சுண்டியது. முட்டை இறங்கும் இடத்தில் சாஸைத் தடவாமல், சுற்றிலும் சீஸால் 7 செ.மீ. அகலத்துக்கு ஒரு பாத்தி கட்டுங்கள். முட்டையைச் சின்னக் கிண்ணத்தில் உடைத்து, கருவைக் கரண்டியில் தனியே எடுத்துவிட்டு, வெள்ளையை மட்டும் பாத்தியில் ஊற்றி 200 டிகிரியில் கீழ்த்தட்டில் 4 நிமிடம். ஓரம் வெளுத்ததும் கருவை நடுவில் இறக்கி இன்னும் 3, 4 நிமிடம். ட்ரேயை லேசாக ஆட்டினால் கரு மட்டும் ஆட வேண்டும். வெளியே எடுத்த பிறகும் ஒரு நிமிடம் வேகும், அதை மறக்காதீர்கள்.

பச்சைக் காளான் இதில் பெரிய குற்றம். அதிலும் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். வாணலியில் எண்ணெய் அதிகமில்லாமல், காளான் தன் தண்ணீரை வெளியே விட்டு, அது வற்றி, சத்தம் மாறிச் சடசடக்கும்வரை வதக்கிப் போடுங்கள். கீரையும் அப்படியே, வதக்கிப் பிழிந்து. தக்காளி என்றால் விதைச் சாறு நீக்கி.

சோம்பேறிச்_சமையல் எழுதியது:
ஆவியில் வேகவைக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. துருவிய காலிஃப்ளவரை உறையவைத்து, முழுக்க உருகவிட்டுப் பிழியுங்கள். பனிக்கட்டி செல் சுவர்களைக் கிழித்துவிடுவதால் தண்ணீர் சுலபமாக வந்துவிடும், அதிகம் வெந்த காலிஃப்ளவரின் அந்தக் கந்தக வாடையும் இருக்காது. உறையவைத்தே விற்கும் துருவலுக்கும் இதே வழிதான்.

சீமைச் சுரைக்காயில் (சுக்கினி) செய்வதானால் ஆவியும் வேண்டாம், உறையவும் வேண்டாம். 500 கிராமுக்கு 1 டீஸ்பூன் உப்பு பிசிறி, 20 நிமிடம் கழித்துப் பிழிந்தால் போதும். பிறகு கலவையில் உப்பே போடாதீர்கள். ஆனால் அது காலிஃப்ளவரைவிட மெலிவு, சின்ன வட்டங்களாகத் தட்டுவது நல்லது.

ஈரத்துக்கு_எதிரி எழுதியது:
உறையவைக்கும் யோசனை சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: உருகியும் நடுவில் பனிக்கட்டி இருந்தால் பிழிவது வீண்.

காலைப்பசி எழுதியது:
எல்லாம் குறித்துக்கொண்டேன். இன்னும் இரண்டு கேள்வி. காலையில் இவ்வளவு நேரம் கிடையாது, முந்தின இரவே எதுவரை செய்து வைக்கலாம்? முட்டை சாப்பிடாதவருக்கு அடித்தட்டில் எதைச் சேர்ப்பது?

அரைவேக்காடு எழுதியது:
திருப்பிப் போட்டு வேகவைத்தது வரை இரவே முடித்துவிடலாம். கம்பித் தட்டில் வைத்து முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து, பிழிந்த உழைப்பெல்லாம் போச்சு. குளிர்பெட்டியில் 3 நாள் தாங்கும். உறையவைத்திருந்தால் உருகவிடாமல் நேரே 220 டிகிரி ஓவனில் 6 நிமிடம், அப்புறம் சாஸும் முட்டையும். மைக்ரோவேவில் சூடேற்றினால் திரும்ப நொசநொசதான்.

முட்டைக்குப் பதில்: ஆளிவிதைப் பொடி 1 மேசைக்கரண்டி, தண்ணீர் 3 மேசைக்கரண்டி கலந்து 10 நிமிடம் ஊறினால் கொழகொழவென்று வரும். கூடவே இசப்கோல் உமி 1 டீஸ்பூன். பிடிப்பு முட்டை அளவுக்கு இருக்காது, 12 செ.மீ. வட்டங்களாகப் பிரித்துத் தட்டினால் திருப்பும்போது உடையாது.

சோம்பேறிச்_சமையல் எழுதியது:
தானியமே ஆகாது என்று கண்டிப்பாக இருப்பவர்கள் கவனிக்க: துருவியே விற்கும் சீஸில் ஒட்டாமலிருக்க மாவுச்சத்து தூவியிருப்பார்கள், சிலவற்றில் அது மக்காச்சோளம். அதுவும் தானியம்தான். கட்டியாக வாங்கித் துருவிக்கொள்ளுங்கள். தண்ணீரில் மிதக்கும் மொசரெல்லா உருண்டை மட்டும் வேண்டாம், அதைப் போடுவதற்குக் காலிஃப்ளவரைப் பிழியாமலே விட்டுவிடலாம்.