குடும்பக் குழு: தீம் பார்க் பிளான்

மீனா அக்கா: டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. பிள்ளைங்க உயரத்தை எல்லாரும் சென்டிமீட்டர்ல இங்க போடுங்க. வயசைவிட உயரம்தான் முக்கியம். வேகமான ரைடுக்கு 102, 112, 122ன்னுதான் பெரும்பாலும் குறைஞ்சபட்ச உயரக் கோடு இருக்கும். பெரிய ரோலர் கோஸ்டர் சிலது 137 கேக்கும். இதைப் பார்க்காம போனா ஒரு மணி நேரம் க்யூல நின்னுட்டு, ஏறுற இடத்துல பிள்ளையைத் திருப்பி அனுப்புவாங்க.

கலா அண்ணி: சின்னவன் 98, பெரியவ 124. ரெண்டு மூணு சென்டிமீட்டர் குறைஞ்சா ஷூக்குள்ள எதையாவது வச்சு ஏத்திடலாம்னு சிலர் சொல்றாங்களே?

ரவி சித்தப்பா: வேண்டவே வேண்டாம்மா. ரெண்டு பேர் மடிக்கும் சேர்த்து ஒரே கம்பி இறங்குற ரைடை எடுத்துக்கோ. பெரியவங்க தொடையில முட்டினதும் கம்பி அங்கேயே நின்னுடும். பக்கத்துல இருக்கிற பிள்ளை மடிக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு சாண் காலியா இருக்கும். மேடு ஏறி இறங்குறப்ப உடம்பு சீட்டை விட்டு எழும்பும், அந்தக் காலி இடத்துலதான் பிள்ளை நழுவும். இதையெல்லாம் கணக்குப் பண்ணித்தான் கோடு போட்டிருக்காங்க. அதை ஏமாத்தவே கூடாது.

கலா அண்ணி: சரி சின்ன மாமா. அப்ப சின்னவனைப் பார்த்துக்க நாங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் பெரிய ரைடையெல்லாம் விட்டுடணுமா?

மீனா அக்கா: விட வேண்டாம் அண்ணி, மாத்தி மாத்தி ஏறலாம். டிஸ்னில ரைடர் ஸ்விட்ச், யுனிவர்சல்ல சைல்ட் ஸ்வாப்னு கேளுங்க. டிஸ்னி முறைல மொத்தக் குடும்பமும் ரைடு வாசலுக்குப் போய் அங்க இருக்கிற ஊழியர்கிட்ட பிள்ளையைக் காட்டணும். முதல்ல ஒருத்தர் க்யூல போவாங்க. இன்னொருத்தர் பிள்ளையோட வெளிய இருக்கலாம், அவங்க பிறகு ஏறுறதுக்கு ஊழியர் டிக்கெட்ல பதிவு பண்ணிடுவாங்க. முதல் ஆள் வந்ததும் ரெண்டாவது ஆள் வேகமான வழியில நேரா போயிடலாம். யுனிவர்சல்ல எல்லாரும் சேர்ந்தே க்யூல போய், ஏறுற இடத்துக்குப் பக்கத்து அறையில காத்திருந்து ஆள் மாத்திக்கணும். அங்க க்யூ முழுக்க பிள்ளையும் கூட நிக்கும். அதனால ரெஸ்ட் ரூம் போயிட்டு வந்து நில்லுங்க. பெரியவளைப் பெரும்பாலும் ரெண்டாவது தடவையும் கூட்டிட்டுப் போகலாம், அதையும் வாசல்லயே கேட்டுடுங்க.

தினேஷ்: நாங்க நாலு பேரும் சிங்கிள் ரைடர் க்யூலதான் போகப் போறோம்.

ரவி சித்தப்பா: காலேஜ் பசங்களுக்கு அதுதான் சரி. ரெண்டு சீட் இருக்கிற வரிசையில மூணு பேரா வந்தா ஒரு சீட் காலியாப் போகும், அதை நிரப்பத்தான் தனி ஆள் க்யூ. சேர்ந்து உக்கார முடியாது, எந்த சீட்டுன்னும் கேக்க முடியாது. ரெட்டைப்படையா வர்ற கூட்டம் நிறைய இருந்தா அந்த க்யூவும் நகராது.

தினேஷ்: மாமா, நீளமான க்யூவைப் பார்த்து எவ்வளவு நேரமாகும்னு எப்படிச் சொல்றது?

ரவி சித்தப்பா: நீளத்தைப் பார்க்காத, ஒரு மணி நேரத்துல எத்தனை பேரை ஏத்துறாங்கன்னு பாரு. ஒரு ரயில்ல 24 பேர், 90 செகண்டுக்கு ஒரு ரயில்னா மணிக்கு 960 பேர். பிள்ளைங்களுக்கான சின்ன கோஸ்டர்ல ஒரே வண்டிதான் ஓடும். 16 பேர், ஏத்தி இறக்கி 4 நிமிஷம்னா மணிக்கு 240 பேர்தான். உனக்கு முன்னாடி 120 பேர் நின்னா பெருசுல எட்டு நிமிஷம், சின்னதுல அரை மணி. பார்க்க குட்டியா இருக்கிற ரைடுதான் காலை நேரத்தைத் தின்னும். அதனால கலா, உங்க வீடு கேட் திறந்ததும் பிள்ளைங்க ரைடுக்குப் போகணும், தினேஷ் கூட்டம் பெரிய கோஸ்டருக்குப் போகணும். எல்லாரும் ஒண்ணா சுத்தணும்னு நினைச்சா யாருக்கும் காலை நேரம் உருப்படாது. மதியம் ஏசி ஷோவுல சேர்ந்துக்கலாம்.

மீனா அக்கா: கேட் திறக்குறதுக்கு 45 நிமிஷம் முன்னாடி வாசல்ல இருக்கணும். பை செக்கிங்லயே பாதி நேரம் போயிடும். முதல் ரெண்டு மணி நேரத்துல ஏறுற அளவுக்கு ரைடு மதியம் முழுக்க ஏற முடியாது. கூடக் காசு கொடுத்து வேகமான க்யூல போற எக்ஸ்பிரஸ் பாஸ் அந்த பார்க்ல இருந்தா அதையும் யோசிக்கணும். பாஸ் வச்சிருக்கிறவங்களை நிறைய உள்ள விடுறதாலதான் சாதா க்யூ நின்னுடுது. ஒரே நாள்தான், கூட்டமான சீசன்னா பாஸ் எடுங்க. ரெண்டு நாள் இருந்தா சீக்கிரம் எழுந்தாலே போதும்.

வசந்தா அத்தை: எனக்கு முட்டி வலி. நான் வந்து உங்களுக்குப் பாரமா இருப்பேனா?

மீனா அக்கா: என்ன அத்தை இப்படிக் கேக்குறீங்க! ஒரு நாள்ல பத்து கிலோமீட்டர் நடக்கிறது அங்க சாதாரணம், அதனால வலிச்சப்புறம் வீல்சேர் தேட வேண்டாம். உள்ள நுழைஞ்சதும் எடுத்துடணும், மதியத்துக்குள்ள தீர்ந்துடும். சில ரைடுல வீல்சேரோடயே ஏறலாம், சிலதுல எழுந்து சீட்டுக்கு மாறணும். பார்க் ஆப்ல ஒவ்வொரு ரைடுக்கும் போட்டிருப்பாங்க. நகர்ற தரையில ஏறுற ரைடுன்னா ஊழியர்கிட்ட முன்கூட்டியே சொல்லுங்க, மெதுவாக்குவாங்க இல்ல நிறுத்துவாங்க.

வசந்தா அத்தை: தலைசுத்தலும் வரும்.

ரவி சித்தப்பா: அப்ப 3டி திரை ரைடு வேண்டாம்க்கா. கண்ணுக்கு எல்லாம் பறக்குது, உடம்பு இருக்கிற இடத்துலயே ஆடுது, அந்த முரண்லதான் குமட்டும். மெதுவான படகு ரைடு உனக்கு ஒத்துக்கும். மாத்திரை போடுறதா இருந்தா டாக்டரைக் கேட்டு, ஏறுறதுக்கு அரை மணி, ஒரு மணி முன்னாடி போடணும். குமட்டின பிறகு போட்டா பெருசா பிரயோஜனம் இல்ல.

கலா அண்ணி: தண்ணி ரைடுக்கு காட்டன் டிரஸ் போதுமா?

மீனா அக்கா: தண்ணி தெறிக்கிற படகுக்குப் போதும். வாட்டர் ஸ்லைடுக்கு வேண்டாம் அண்ணி. நனைஞ்ச காட்டன் சறுக்குல ஒட்டி நடுவுலயே நிப்பாட்டிடும், பின்னாடி வர்றவங்க வந்து மோதுவாங்க. ஜிப், மெட்டல் பட்டன் சறுக்கோட ஃபைபர் கிளாஸைக் கீறும், அதனால ஜீன்ஸை விட மாட்டாங்க. நைலான் நீச்சலுடைதான் வேணும். நனையுற ரைடெல்லாம் மதிய வெயில்ல வச்சுக்கோங்க. சாயங்காலம் நனைஞ்சா ஷூ காயாது, ஈர சாக்ஸோட நடந்தா கால் கொப்புளிக்கும். ஆளுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலா வைங்க.

தினேஷ்: மழை வந்தா கிளம்பிடலாமா?

ரவி சித்தப்பா: இடி இடிச்சா வெளிய இருக்கிற ரைடையெல்லாம் நிறுத்திடுவாங்க. இடி நின்னதும் காலி வண்டியை ஓட்டிப் பார்த்துட்டுத்தான் ஆளை ஏத்துவாங்க. அதுக்குள்ள பாதிக் கூட்டம் வீட்டுக்குப் போயிருக்கும். ரெயின்கோட் போட்டுட்டு அந்த நேரம் உள்ள இருக்கிறவங்களுக்கு க்யூவே இருக்காது. மழையில கிளம்பாதீங்க.

கலா அண்ணி: கூட்டத்துல பிள்ளைங்க தொலைஞ்சா?

மீனா அக்கா: காலையில கேட்ல அன்னைக்குப் போட்ட டிரஸ்ஸோட ஒரு போட்டோ எடுத்துடுங்க. பட்டை மாதிரி ஒண்ணுல உங்க நம்பரை அழியாத பேனாவால எழுதி கையில கட்டுங்க. பேர் வெளிய தெரிய வேண்டாம், நம்பர் மட்டும் போதும். "அம்மாவைத் தேடி நடக்காதே, நெஞ்சுல பேர் அட்டை குத்தியிருக்கிறவங்ககிட்ட போய் சொல்லு"ன்னு பெரியவளுக்குச் சொல்லிக் கொடுங்க. பவர் பேங்க் ரெண்டு எடுத்துக்கோங்க, பார்க் ஆப் சார்ஜை உறிஞ்சிடும்.

தினேஷ்: கடைசி ரைடு எத்தனை மணிக்கு?

ரவி சித்தப்பா: மூடுற நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடி க்யூல நின்னாலும் பெரும்பாலான பார்க்ல ஏத்திடுவாங்க. பார்க் உள்ள ஊர்வலம் நடக்குறப்பவும் க்யூ குறையும். பழுது பார்க்க மூடின ரைடு பட்டியல் பார்க் தளத்துல இருக்கும், கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி பார்த்துடு.

மீனா அக்கா: தினேஷ், உங்க நாலு பேர் உயரமும் இன்னும் வரல. இன்னைக்கு ராத்திரிக்குள்ள போடு, நாளைக்கு டிக்கெட் போடுறேன்.