மின்மோட்டாரைக் கழற்றிவிட்டு க்ளோ எஞ்சின் ஏற்றும்போது

ஒரு மீட்டர் இறக்கையுள்ள, பால்சா என்ற லேசான மரத்தாலான ரேடியோ மாடல் விமானத்துக்கு 1 சிசி க்ளோ எஞ்சின் (மெத்தனால் எரிபொருளில் ஓடும் சிறிய எஞ்சின்) போதும். முதலில் கை வைக்க வேண்டியது ஃபயர்வாலில், அதாவது எஞ்சினைப் பொருத்தும் முன்சுவரில். மின் விமானங்களில் அது பெரும்பாலும் மெல்லிய பிளைவுட்தான். மோட்டார் வழுவழுவென்று சுழலும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடித்து உதைக்கும். அந்த உதையில் முதலில் விடுவது பசைதான். 3 மி.மீ. பிர்ச் பிளைவுட்டை மெதுவாக இறுகும் எபாக்சியால் ஒட்டி, உள்மூலைகளில் முக்கோணப் பால்சாக் கட்டை வையுங்கள். போல்ட்டுகளுக்குப் பின்பக்கம் பல் நட்டு (பற்களால் மரத்தைக் கவ்விக்கொள்ளும் நட்டு) பதியுங்கள். மரத்திருகு அதிர்வில் கழன்றுவிடும்.

ஒட்டி முடித்ததும் ஃபயர்வால், டேங்க் அறை முழுவதும் இளக்கிய எபாக்சி பூசுங்கள். எரிபொருளில் உள்ள எண்ணெய் ஊறிய மரத்தில் பிறகு எந்தப் பசையும் பிடிக்காது. பேட்டரி குளிர்வதற்காக முன்புறம் விட்டிருக்கும் காற்றுத் துளைகளையும் அடைத்துவிடுங்கள், அவை வழியாகத்தான் எண்ணெய் உள்ளே போகும்.

* * *

ஃபயர்வாலைப் பலப்படுத்துவது முக்கியம்தான். ஆனால் எஞ்சின் பறக்கும்போதே நின்றுபோவதற்கு டேங்க் இருக்கும் உயரம்தான் பெரும்பாலும் காரணம். பேட்டரி இருந்த அறை காலியாகத்தானே கிடக்கிறது என்று டேங்கை அங்கே வைக்கத் தோன்றும். வேண்டாம். அந்த அறை பொதுவாக வயிற்றுப் பகுதியில், எஞ்சினிலிருந்து தள்ளி இருக்கும். மூக்கு மேலே தூக்கும்போது எரிபொருள் ஏற முடியாமல் கலவை மெலிந்து எஞ்சின் அணையும். டேங்கின் நடுக்கோடு, எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் நீடில் வால்வின் மட்டத்துக்கு நேராக, ஃபயர்வாலை ஒட்டியே இருக்கட்டும். மட்டத்துக்கு மேலே போனால் நிற்கும்போதே எரிபொருள் வழிந்து எஞ்சினை மூழ்கடிக்கும்.

டேங்கைச் சுற்றி மென்நுரை வையுங்கள். அதிர்வில் எரிபொருள் நுரைத்தாலும் கலவை மெலியும். உள்ளே இருக்கும் க்ளங்க் (எரிபொருளை உறிஞ்சும் குழாயின் முனையில் உள்ள எடைக்கட்டி) பின்சுவரைத் தொடாமல் தாராளமாக ஆட வேண்டும்.

* * *

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியைக் கழற்றினால், ரேடியோ சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு வந்துகொண்டிருந்த மின்சாரமும் போய்விடும். 4.8 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி தனியாக வேண்டும். அதை முன்னும் பின்னும் நகர்த்தியே ஈர்ப்பு மையத்தைச் சரிசெய்துகொள்ளலாம். டேங்க் காலியாக இருக்கும்போது பாருங்கள்: டேங்க் முன்னால் இருப்பதால் எரிபொருள் தீரத் தீர வால் கனக்கும்.

பழைய மின் ப்ராப்பெல்லரை மாட்டவே கூடாது. அதன் மெல்லிய அமைப்பு எஞ்சினின் உதைக்குச் செய்ததல்ல, உடைந்து தெறிக்கும். எரிபொருளில் எண்ணெய் 20 சதவீதம் இருக்கட்டும். அதில் கணிசமான பங்கு ஆமணக்கெண்ணெயாக இருப்பது சிறிய எஞ்சின்களுக்கு நல்லது. எரிபொருளைப் பற்றவைக்கும் கம்பியுள்ள க்ளோ பிளக்குக்கு 1.5 வோல்ட் மட்டும். விமானத்தின் பேட்டரியை அதில் இணைத்தால் கம்பி அந்த நொடியே எரிந்துவிடும்.

பறந்து முடிந்ததும் மிச்சத்தை டேங்கில் விடாமல் வடித்துவிட்டு, எஞ்சினை ஓட்டியே உள்ளிருப்பதையும் தீர்த்து, நாலு சொட்டு எண்ணெய் விட்டு ப்ராப்பெல்லரைக் கையால் சுற்றி வையுங்கள். மெத்தனால் ஈரத்தை இழுக்கும், ஒரே வாரத்தில்கூட பேரிங் துருப்பிடிக்கலாம்.